சத்தமில்லாமல் சாத்துகிறவர்

அவர் எதையாவது மூடி நான் சத்தம் கேட்டதில்லை. கஞ்சிக்கோட்டில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் இரும்பு பீரோக்கள் வரிசையாக நிற்கும். மற்றவர்கள் சாத்தினால் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். அவர் சாத்தினால், சாத்தினாரா இல்லையா என்று எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சாத்தியிருக்காது.

பாலக்காட்டில் கோயில் தெருக்காரர்கள் எல்லாருமே மற்றவர்களுக்குச் சாமிதான். இவரும் ஆபீசில் எல்லாருக்கும் சாமி. அதனால் அவர் பெயரைச் சொல்லாமலேயே நான் இதை எழுதி முடித்துவிடலாம். சொன்னாலும் எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது.

நான் பொள்ளாச்சி எல்லையோரம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்க வேண்டும். அப்படிக் குரைத்தால்தான் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். இந்த வளர்ப்போடு வந்த எனக்கு சாமியின் பக்கத்து மேஜை கிடைத்தது. அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்த மாட்டார், மேலே வைப்பார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், ரசம் பைக்கு வந்துவிடும். காலையில் படியேறும் வாசனையை வைத்தே "சாமி வந்தாச்சு" என்பார்கள். பேனா மூடி நிற்காது. குழாய் சொட்டும். ஒரு தடவை மேனேஜர் ஒருவரைத் தனியறையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்கப் போன சாமி, திட்டுவது வெளியே கேட்கக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவர் திரும்பி நாலடி வைப்பதற்குள் கதவு தானாகத் திறந்துகொண்டது. மீதித் திட்டு முழுவதையும் ஹாலே கேட்டது.

போனையும் அவர் முதலில் வைக்க மாட்டார். "வெச்சுடட்டுமா?" என்று மூன்று தடவை கேட்பார். எதிர்ப்பக்கம் "சரிங்க" என்ற பிறகும் காதில் வைத்துக்கொண்டே இருப்பார். சென்னையிலிருந்து பேசிய ஒரு லாரி புக்கிங்காரர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு மறந்துபோனார். அவர் கடைப் பையனிடம் மத்தியானத்துக்கு என்ன வாங்கிவரச் சொன்னார் என்பது வரை சாமி எங்களுக்குச் சொன்னார்.

ஒருநாள் அவருடைய தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து என் பை, குடை, பர்ஸ் எல்லாம் நனைந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது.

"ஏனுங்க சாமி, ஒரு மூடியத் திருகி மூடறதுக்கு என்னங்க கஷ்டம்?"

அவர் தன் கைக்குட்டையால் என் பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இறுக்கி மூடினா, தெறக்கறச்சே சத்தம் வருமாக்கும். பழகிப் போச்சு. ஆத்துல அவ தூங்கிண்டிருப்பா, கேட்டியா."

அப்போதுதான் அவர் மனைவியின், எங்களுக்கு மாமியின், கதை தெரிந்தது. மாமி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் குழந்தை பிறந்ததிலிருந்தே, பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கி இரவு டியூட்டியிலேயே இருந்தவர். காலையில் வந்து படுப்பார். பால் காய்ச்சுவது, குழந்தைக்குத் தலைபின்னுவது, பள்ளிக்கு அனுப்புவது, தான் ஆபீசுக்குக் கிளம்புவது என்று சாமியின் வேலைகள் எல்லாம் மாமி தூங்கும்போதுதான் நடக்க வேண்டும். அந்தக் கோயில் தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான், ஒரு வீட்டில் டம்ளர் விழுந்தால் அடுத்த வீட்டில் "என்ன விழுந்தது?" என்று கேட்பார்கள். அதற்கு நடுவில் மாமியை அவர் தூங்க வைத்திருக்கிறார்.

எப்படி என்று செய்தே காட்டினார். ஆபீஸ் கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் கீல் முனகாதாம். மூச்சை அடக்கிக்கொண்டு நகர்த்தினார். "பதுக்க, பதுக்க" என்று கதவுக்கே சொன்னார். அந்த ஊரில் மெதுவாக என்பதற்கு அதுதான் வார்த்தை. "இந்தக் கடைசி ஒரு அங்குலம் இருக்கு பார், அதுதான் முக்கியம். அவசரப்படப்படாது. நாம பாட்டுக்கு நின்னுடணும்." அவர் நின்றார். வெளியே டீ எடுத்துக்கொண்டு வந்த இரண்டு பேர், கதவுக்கு அந்தப்பக்கம், என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றார்கள்.

"இத்தனை வருஷத்துல என்னால அவ ஒரு நாள் கூட முழிச்சிண்டதில்லை" என்றார் சாமி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் அன்றைக்குப் பிரியம் வந்துவிட்டது. எரிச்சலும் போகவில்லை.

மாமி ரிட்டயர் ஆனபோது சாமிக்கு இன்னும் கொஞ்ச நாள் சர்வீஸ் இருந்தது. உடனே ஒரு பழைய கார் வாங்கினார். வெள்ளை நிறம். எப்போதோ முன்பக்கம் இடிபட்டு நிமிர்த்திய வண்டி. பானெட் கொஞ்சம் தூக்கலாகத்தான் உட்காரும் என்று விற்றவரே சொல்லியிருந்தார். சாமிக்கு வண்டி ஓட்ட முன்பே தெரியும், ஓட்டுவதற்குத்தான் வண்டி இல்லாமல் இருந்தது.

"அவ பகல்ல ஒண்ணுமே பார்த்ததில்லை" என்றார் என்னிடம். "மலம்புழை டேமுக்குப் போய் எத்தனை காலம் ஆச்சு! வண்டிப்பெரியார்ல அவளோட கூட வேலை பார்த்த சிநேகிதி இருக்கா. வா வான்னு வருஷா வருஷம் கூப்பிடறா. தேயிலைத் தோட்டத்தை வெயில்ல பார்க்கணும்னு இவளுக்கு ஆசை. அதுக்காகத்தான் வண்டி."

அந்தப் பயணத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகையாக மாமியை முன்சீட்டில் உட்கார வைத்து வாளையார் ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியிருக்கிறார். ஹைவேயில் மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று எண்பதில் போயிருக்கிறார். எண்பதைத் தொட்டதும் பானெட்டின் முன்விளிம்பு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது மேலும் கீழும் துடிப்பது தெரியும். மாமி கஞ்சிக்கோடு ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

"நான் ஹைவே கேஸெல்லாம் பார்த்தவளாக்கும். அது எழும்பி வந்து கண்ணாடியை மறைச்சா அப்புறம் உங்களுக்கு என்ன தெரியும்? மலையேறறதுக்கு முன்னாடியே வாயைத் தெறக்கற வண்டியில நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். சாமி அந்த பஸ்ஸின் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

அதிலிருந்து அந்த பானெட் எங்கள் ஆபீசின் பொதுப் பிரச்சினை ஆயிற்று. நானும் அந்தக் காரில்தான் தினமும் போனேன். சந்திராநகர் முக்கில் ஏறிக்கொள்வேன். ஹைவேயில் ஏறி எண்பது ஆனதும் பானெட் ஆடும், அவர் காலை எடுத்துவிடுவார், பின்னால் லாரி ஹார்ன் அடிக்கும், சாமி கையை வெளியே நீட்டி அந்த லாரிக்காரரிடம் மன்னிப்பு கேட்பார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கேட் செக்யூரிட்டி, பெயிண்ட் அடித்தபோது தகடு மெலிந்துவிட்டது என்றார். கேன்டீன்காரர், எஞ்சின் ஆட்டம்தான் மேலே வருகிறது என்றார். எல்லாவற்றிலும் சாமிக்குப் பிடித்தது காற்று. தை மாதம், கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று அறைகிற காலம். நாங்கள் போவதோ கிழக்கே. காற்று என்றால் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அதனால் அவர் காற்றையே நம்பினார்.

நான் விடவில்லை. எங்கள் ஊர்க்கார மெக்கானிக் ஒருவர் கஞ்சிக்கோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். அங்கே இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் டீ குடித்துவிட்டு வருவதற்குள், அவருக்கு எதற்குச் சிரமம் என்று சாமியே பானெட்டைத் திறந்து, தாங்கு கம்பியைக் கொடுத்து நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார். மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"முன்னால ரெண்டு மூலையிலயும் ரப்பர் குமிழ் இருக்கோணுமுங்க. பானெட் அது மேலதான் அமுந்து உக்காரும். இங்க ஒண்ணக் காணோம். பொறகெப்படி ஆடாம இருக்கும்?"

புது ரப்பர் போட்டார். இன்னொன்றைக் கொஞ்சம் திருகி உயர்த்தினார். லாக்கில் இருந்த தூசியைத் துடைத்து கிரீஸ் தடவினார். கீல் போல்ட்டுகளை முறுக்கினார். விளிம்பு ரப்பர் நைந்திருந்தது, அதையும் மாற்றினார். பிறகு பானெட்டைப் போட்டு எங்களையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் தொண்ணூறில் ஓட்டினார். பானெட் அசையவே இல்லை. சாமி பின்சீட்டிலிருந்து அவர் தோளைத் தொட்டு "நன்னா இருக்கணும்" என்றார்.

அன்று மாலை வீடு வரைக்கும் ஆடவில்லை. அடுத்த நாள் காலை நான் ஏறினேன். எண்பது ஆயிற்று. ஆடியது.

"மறுபடியும் ஆரம்பிச்சுடுத்து" என்றார் சாமி, யாருக்கோ காய்ச்சல் திரும்பிவிட்ட மாதிரி.

திரும்ப ஒர்க்ஷாப்புக்குப் போனோம். சாமி திறந்து வைத்தார், மெக்கானிக் பார்த்தார், ரப்பரை இன்னும் ஒரு சுற்றுத் திருகினார், மூடினார், ஓட்டினார். ஆடவில்லை. மறுநாள் காலையில் ஆடியது. இன்னொரு தடவையும் இப்படியே. மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியிடம் காட்ட முடியாமல் என்னிடம் காட்டினார்.

"வண்டில ஒண்ணுமில்லீங்க்கா. ராத்திரி யாரோ வந்து கழட்டி உட்டுட்டுப் போறாப்பல இருக்குது. இல்லீன்னா அந்த வண்டிக்கு இவரக் கண்டாத்தான் நடுக்கம் வருதுன்னு வெச்சுக்கங்க."

சாமி இதற்கு மேல் மெக்கானிக்கைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. பானெட்டைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். கயிறு பெயிண்டைக் கீறும் என்று மாமியின் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, முன் கிரில்லோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். மாமி வெளியே வந்து பார்த்தார். "புடவையைக் கட்டிவிட்டாச்சு. இனி ஒரு பொட்டையும் வெச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். சாமியே என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

வண்டிப்பெரியார் சிநேகிதி அந்த வாரம் போன் பண்ணியிருந்தார். மாசி பிறந்ததும் மகனோடு பெங்களூருக்கே போய்விடப் போகிறாராம். எஸ்டேட் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாராம். வருவதானால் இப்போது வர வேண்டும்.

"நான் பஸ்ல போய்ட்டு வந்துடறேங்கறா" என்றார் சாமி. "தனியா. ராத்திரி பஸ்ல." அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ராத்திரியேதானா மறுபடியும்?"

எனக்கு அந்தக் காரை எரித்துவிடலாம் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கோயமுத்தூரில் ஆபீஸ்காரப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். சாமியும் நானும் காரில் போனோம். போகும்போது வழக்கம்போலத் துடித்துக்கொண்டுதான் போயிற்று. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வாளையாரில் சோதனைக்கு நிறுத்தினார்கள். சீருடைக்காரர் ஒருவர் டிக்கியைப் பார்த்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார். சாமி இறங்கிப் புடவை முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். பின்னால் பத்து வண்டி நின்றது. சீருடைக்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பானெட்டை உயரத்திலிருந்து அப்படியே விட்டார். டமார் என்று விழுந்தது. கட்டுவதற்கு நேரம் கொடுக்காமல், போ போ என்று கையைக் காட்டினார்.

சாமி தன்மேலேயே அடி விழுந்த மாதிரி நின்றார். வண்டியில் ஏறி, சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பேசினார். "என்னத்துக்கு அப்படி அடிக்கணும்? செத்த பதுக்க சாத்தப்படாதோ?"

அந்த வருத்தத்தில் அவர் வேகத்தைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எண்பது தாண்டியிருந்தது. தொண்ணூறை நெருங்கியது. பானெட் சும்மா கிடந்தது.

"சாமி, ஆடலீங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "காத்து நின்னுடுத்து போலருக்கு."

"பனைமரமெல்லாம் ஆடிக்கிட்டுத்தானுங்களே நிக்குது?"

அவர் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு மட்டும் தலைக்குள் ஏதோ ஓடியது. மெக்கானிக் சாத்தினால் ஆடவில்லை. இந்தச் சீருடைக்காரர் சாத்தினார், ஆடவில்லை.

"ஏனுங்க சாமி, பானெட்ட ஊட்டுல தெறப்பீங்களா?"

"தினோம் காலையில தெறப்பேனே. எஞ்சின் சூட்டுக்கு ராத்திரி பூனைக்குட்டி உள்ள போய்த் தூங்குமாம். பார்க்காம வண்டியை எடுக்கலாமோ? பாவமில்லையோ?"

"பாத்துட்டு யாரு மூடறது?"

"நான்தான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரைப் பற்றி ஊரெல்லாம் கதை சொல்லிச் சிரிக்க வைத்தவள் நான். பானெட்டைப் பற்றி வாரக்கணக்கில் யோசித்தவளும் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வாளையாரில் ஒரு சீருடைக்காரர் தேவைப்பட்டார். வழியிலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரு அடி மேல இருந்து கைய உட்ருக்கோணுமுங்க்கா. டப்புனு உழுந்தாத்தான் லாக் கவ்வும். கையில அமுக்கக் கூடாது, தகடு நெளிஞ்சு போயிரும். தூக்கோணும், உடோணும், அவ்வளவுதான்."

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு சாமியின் தெருவுக்கே போய்விட்டேன். வண்டி வீட்டு வாசலில் நின்றது. பூனை பார்த்து முடித்திருந்தார், பானெட் திறந்திருந்தது. "எப்படி மூடுவீங்கன்னு எனக்குக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிக்கொண்டு இறக்கினார். கடைசி அங்குலத்தில் நின்றார். மூச்சை அடக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக உருவினார். பானெட் விளிம்பில் வந்து படுத்தது. நான் அந்த இடுக்கில் விரலை விட்டுத் தூக்கினேன். லேசாக மேலே வந்தது. உள்ளே இருந்த காப்புக் கொக்கி மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒற்றைக் கொக்கியை நம்பித்தான் இத்தனை நாளும் நாங்கள் லாரிகளுக்கு நடுவில் போய் வந்திருக்கிறோம்.

"இது மூடினதில்லீங்க சாமி. தூங்க வெச்சிருக்கீங்க. மேல தூக்குங்க, தூக்கிக் கைய உட்ருங்க."

அவர் தூக்கினார். ஒரு அடி வந்தது. கையை விடவில்லை. வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ தூங்கறா" என்றார் ரகசியமாக. ரிட்டயர் ஆன பிறகும் மாமிக்குக் காலையில் படுக்கிற பழக்கம் போகவில்லையாம்.

"ஒரே ஒரு தடவ சாமி."

"ஒரு தடவை இல்லையே. தினோம் சாத்தணுமே." கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஒண்ணு பண்ணலாம். காலம்பற வண்டியைத் தள்ளிண்டு ஆத்தங்கரை வரைக்கும் போயிடறேன். அங்க போய் சாத்திக்கறேன். அங்க யாரும் தூங்கலை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் காலையில் ஒரு காரை ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், பானெட்டைச் சாத்திவிட்டுத் திரும்பத் தயாராகத்தான் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. மாமி நின்றார்.

"முழிச்சுட்டியா? சத்தம் போட்டுட்டோமோ?" என்று சாமி பதறினார்.

"சத்தம் போட்டிருந்தா தூங்கியிருப்பேன்" என்றார் மாமி.

எங்களுக்குப் புரியவில்லை. மாமி படியிறங்கி வந்தார்.

"ஆஸ்பத்திரி ரெஸ்ட் ரூம்ல பத்துப்பேர் பேசிண்டிருப்பா, வெளியில டிராலி கடகடன்னு போகும், நான் படுத்தவுடனே தூங்கிடுவேன். இந்த ஆத்துக்கு வந்தாத்தான் தூக்கம் வராது. நீங்க கதவைச் சாத்த ஆரம்பிப்பேள். இதோ முடியப் போறது, இதோ முடியப் போறதுன்னு காதை வெச்சுண்டு கிடப்பேன். அது முடியவே முடியாது. அப்புறம் ஒரு பாத்திரத்தை வெப்பேள். அடுத்ததை எப்போ வெப்பேள்னு காத்துண்டிருப்பேன். பட்டுனு சாத்திட்டுப் போயிருந்தேள்னா ஒரு நொடி. நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்திருப்பேன்."

சாமியின் கை இன்னும் பானெட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. "எத்தனை நாளா?"

"எத்தனை நாளென்ன, எப்பவுமேதான்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லறது?" மாமியின் குரல் இறங்கியது. "தெருவுல போற காய்காரியைக் கூட வாயில விரலை வெச்சு அனுப்புவேள். கிளம்பறச்சே ஒரு தடவை எட்டிப் பார்ப்பேள், நான் தூங்கறேனான்னு. பார்த்துட்டு ஒரு சந்தோஷம் வரும் உங்களுக்கு. அதுக்காகக் கண்ணை இறுக்க மூடிண்டு கிடப்பேன்."

சாமி எங்கேயோ பார்த்தார். எனக்கு மாமிமேல் கோபம் வந்தது. இத்தனை காலம் சொல்லாததை இன்னும் கொஞ்ச காலம் சொல்லாமல் இருந்தால் என்ன? அந்த மனிதருக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். அப்புறம் மாமி எத்தனை பகல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் போயிற்று.

மாமி அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். பானெட்டை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கினார். விட்டார்.

தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. "என்ன விழுந்தது?" என்று ஒரு குரல் கேட்டது. "ஒண்ணுமில்லை, சாத்தினோம்" என்று மாமி பதில் சொன்னார். பிறகு சாமியிடம், "நாளைக்குக் கிளம்பலாமா? அவ பெங்களூர் போறதுக்கு முன்னாடி போகணும்" என்றார்.

"வண்டியில வரியா?"

"பின்னே நடந்தா போறது?"

சாமி திங்கட்கிழமைக்கு லீவு சொன்னார். விடிந்து கிளம்பி, கோவிந்தாபுரம் தாண்டி, பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகப் போய்க் குமுளி ஏறுவதாகத் திட்டம். எங்கெங்கே நிறுத்தி எதையெதைக் காட்டுவது என்று என்னிடம் இரண்டு தடவை ஒப்பித்திருந்தார். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு. பழனியில் மலை. கம்பத்தில் திராட்சைத் தோட்டம். ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் போன் வந்தது. அவர் குரல் அடித்தொண்டையில் இருந்தது.

"எங்கீங்க சாமி இருக்கீங்க? வண்டி ஆடுதுங்களா?"

"தேனிக்கு இந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில நிறுத்தியிருக்கேன். தொண்ணூறுல வந்தேன். அசையலை."

"மாமி என்ன சொல்றாங்க? எல்லாத்தையும் பாத்தாங்களா?"

"ஒண்ணும் பார்க்கலை. பொள்ளாச்சி வரதுக்கு முன்னாடியே தூங்கிட்டா. பழனி மலை பார், பழனி மலை பார்னு ரெண்டு தடவை சொன்னேன். தலையை அந்தப் பக்கம் சாய்ச்சுண்டுட்டா."

எனக்குப் பொறுக்கவில்லை. "எழுப்புங்க சாமி! அதுக்குத்தானுங்களே வண்டியே வாங்கினீங்க?"

போனில் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் அது போகும்வரை காத்திருந்தார்.

"இப்போ போச்சே, இந்த லாரிக்குக் கூட அசையலை" என்றார். "வாயைத் தெறந்துண்டு தூங்கறா. லேசா குறட்டை வேற. நான் இத்தனை நாழியா வெளியில நின்னு பார்த்துண்டுதான் இருக்கேன். போகட்டும், தேயிலை எங்கயும் ஓடிடாது." பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "அவ தூங்கி நான் இப்போதான் பார்க்கறேன், கேட்டியா."